பெயர் சொல்லி வளர்ந்தோர்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கழகச் செயலாளர் கேட்டபோது, எதனைப் பற்றி எழுதுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தோம். கல்வியின் மேன்மையைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். கழகத்தின் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோரும் உளர். ஆதலின் வேறொரு செய்தியை இங்கு எடுத்துக்கொண்டோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சமுதாயக் கூடத்தில் ஒரே குழல்விளக்கின் கீழ் இரவுப் பாடசாலையாகத் தொடங்கியது நம் கழகம். அங்கு அமர்ந்து படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் பொறியாளர்களாகவும் பல ஊர்களில் பணிபுரிகின்றனர். பொங்கல் விடுமுறைக்கு ஊர் வரும்போது அவர்களுள் சிலர் எம்மைத் தனியே அழைத்து ஒரு வினாவைக் கேட்பதுண்டு. "ஐயா, வேலை செய்யும் இடத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

கேட்பதற்குச் சிறிய வினா. ஆனால் இதனுள் அடங்கியிருப்பது பெரியதொரு வினா. மனிதன் வளர வேண்டுமாயின் தான் யார் என்பதை விட்டுவிட வேண்டுமா? விடாமலே வளர இயலுமா? நமக்கு முன் வாழ்ந்த பெருமக்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு தவறான விடைகள்

இவ்வினாவுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. இரண்டும் தவறானவை.

"நீ பிறந்தபடியே இரு" என்பது முதல் விடை. அவரவர் குலத்திற்கு அவரவர் தொழில். அதனை விடாமல் செய்வதே உண்மையாக வாழ்தல் என்று கூறுவோர் உளர். இவ்விடை ஏட்டளவில் நின்றுவிடவில்லை; அரசின் கல்வித் திட்டமாகவே ஒருமுறை வந்தது. 1953-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி அவர்கள் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பர். எஞ்சிய நேரத்தில் தம் பெற்றோரின் தொழிலைப் பழகுவர் என்பது அத்திட்டம். சட்டி வனைபவரின் மகன் சட்டி வனையவும், துணி வெளுப்பவரின் மகன் துணி வெளுக்கவும், சேற்றில் நிற்பவரின் மகன் சேற்றிலேயே நிற்கவும் வழிசெய்யும் இத்திட்டத்திற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டி எதிர்த்தார் தந்தை பெரியார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அதனைக் கைவிட்டார்.

நம்மவர் செய்த தொழில்கள் பல நாமே விரும்பித் தேர்ந்தவை அல்ல. நிலம் இல்லாமையாலும் வேறு வழி அடைக்கப்பட்டமையாலும் நம் தலைமேல் ஏற்றப்பட்டவை. தலையில் ஏற்றப்பட்ட சுமையைத் தலையின் ஓர் உறுப்பு என்று எவரேனும் கூறுவரோ? சுமையை இறக்கி வைப்பவன் தன்னை இழப்பதில்லை.

"நீ பிறந்ததை மறைத்துவிடு" என்பது இரண்டாவது விடை. இதனை நமக்குப் பிறர் சொல்வதில்லை. நாமே நம் காதில் சொல்லிக் கொள்கிறோம். படித்துவிட்டாய், நல்ல சட்டை அணிந்துவிட்டாய், ஊரை விட்டும் வந்துவிட்டாய். இனி எதற்கு அந்தப் பேச்சு என்று உள்ளம் கேட்கும். முதல் விடையைக் காட்டிலும் இது இனிமையானது. அதனாலேயே மிகுதியும் ஆராயத்தக்கது. இதனை ஆராய நமக்குத் துணையாக வருபவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள்.

கோயம்புத்தூர் மாணவர்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் சீனிவாசனார். இளமையில் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். தம் முதுமையில், 1939-ஆம் ஆண்டில், 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலை அவர் வெளியிட்டார். அதில் தம் கல்லூரி நாள்களைப் பற்றி அவர் கூறும் பகுதி நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்றாகும்.

அக்கல்லூரியில் ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்றனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். யாரேனும் ஒருவருடன் நட்புக் கொண்டால் அவர் தம் குலத்தையும் வீட்டையும் வினவுவாரே, அறிந்தபின் இழிவாக நடத்துவாரே என்று அம்மாணவர் அஞ்சினார். ஆகவே காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். உடன் பயில்வோருடன் கூடி விளையாட முடியாமற் போனதை எண்ணி வருந்தியதாகவும் அவர் எழுதுகிறார்.

இப்பகுதியைப் படிக்கும்போது நம் மனம் எங்குப் போய் நிற்கிறது? பிற்காலத்தில் சட்டமன்றத்திலும் இலண்டன் மாநாட்டிலும் அஞ்சாது நின்று பேசிய பெருமகனாரிடத்து அன்று. மணி அடிக்கட்டும் என்று வெளியே காத்திருந்த அந்தச் சிறுவனிடத்து. அவன் எவரிடமும் பொய் சொல்லவில்லை. திருடவில்லை. ஆயினும் ஒரு குற்றவாளியைப் போல வேகமாக நடந்து வீட்டுக்குச் சென்றான். அக்குற்றம் அவனுடையது அன்று. அவனை அவ்வாறு நடக்க வைத்தவர்களுடையது. இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அஞ்சி மறைப்பவனைப் பழிப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை.

அச்சிறுவன் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் அவர் வரலாற்றின் சிறப்பு.

பத்திரிகைக்கு இட்ட பெயர்

படிப்புக்குப் பின் சீனிவாசனார் நீலகிரியில் கணக்கராகப் பணிபுரிந்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று நம் மக்களின் நிலையை நேரில் கண்டறிந்தார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நான்கு பக்கம் கொண்ட ஒரு சிறு பத்திரிகையை, இரண்டணா விலையில் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'.

எண்ணிப் பாருங்கள். தம் குலப்பெயர் பிறர் செவியில் விழுந்துவிடக் கூடாதே என்று மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவர் அவர். அதே பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சென்னை நகரத் தெருக்களில் விற்றார். எச்சொல்லைக் கேட்டு நம்மவர் தலை குனிந்தனரோ, அச்சொல்லைத் தலைப்பாக்கினார். தன்னை மறைத்துக்கொள்பவன் தன் உரிமையைக் கேட்க முடியாது; "நான் இன்னான்" என்று முன்வந்து நிற்பவனே "எனக்கு இன்னது வேண்டும்" என்று கேட்க முடியும் என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவின் பயன் விரைவில் விளங்கிற்று. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அக்காலத்தில் எழுந்தது. அவ்வாறு நடத்தினால் உயர் பதவிகள் யாவும் மேற்சாதியார் கைக்கே போய்ச் சேரும். நம் மக்களின் நிலை மேலும் இடர்ப்படும் என்று சீனிவாசனார் கருதினார். 1893-ஆம் ஆண்டு இறுதியில் சென்னையில் கூட்டம் கூட்டி, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். அக்கோரிக்கை சரியா, அதனை எதிர்த்தது சரியா என்பது தனி ஆராய்ச்சி. நாம் இங்குக் கருத வேண்டியது ஒன்றே. அந்த விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவர்கள் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டே ஒப்பமிட்டனர். தன் குலத்தை மறைத்து வாழ்பவன் இத்தகைய தாளில் எப்பெயரை எழுதுவான்?

அப்பத்திரிகை ஏழாண்டுகள் நடந்தது. 1900-இல் சீனிவாசனார் வெளிநாடு சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1921-இல் நாடு திரும்பினார். 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எல்லா மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் அவர் கொண்டுவர, அது நிறைவேறிற்று.

1930-இல் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கருடன் அவரும் சென்றார். அரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்த வேளையில், தம் குலப்பெயரும் தீண்டப்படாதவர் என்னும் சொல்லும் பொறித்த அடையாளத்தைத் தம் உடையில் அணிந்து சென்றார் என்பது அவரைப் பற்றி வழங்கிவரும் செய்தி. அப்போது அவர் 'ராவ் பகதூர்' பட்டம் பெற்றவர். பட்டத்தை மட்டும் காட்டி, மற்றதை மறைத்திருக்கலாம். பட்டம் பெற்றவரும் நானே, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனும் நானே என்று இரண்டையும் சேர்த்தே காட்டினார். வளர்ச்சி என்பது இதுவே.

மாற்றுப் பெயர் கண்ட பண்டிதர்

இவ்வளவையும் படிக்கும் இளைஞர் ஒருவர், "அப்படியானால் பழைய பெயரை மாற்றுவதே தவறா?" என்று கேட்கலாம். தவறன்று. இதற்குச் சான்றாக விளங்குபவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசரிடம் கொண்ட மதிப்பால் அப்பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். சித்த மருத்துவத்தில் வல்லவர். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்றவர். சீனிவாசனாருக்கு உறவினரும் ஆவார். சீனிவாசனாரின் உடன்பிறந்த சகோதரியை மணந்தவர்.

ஆயினும் பெயர் பற்றிய செய்தியில் இவ்விருவரும் எதிர் எதிர்க் கருத்துடையவர்கள். 'பறையன்' என்னும் பெயர் நம் பகைவர் நமக்கு இட்ட இழிபெயர் என்பது பண்டிதரின் கொள்கை. அதனை நாமே ஏற்று முழங்குவது ஏன் என்று அவர் கேட்டார். நாம் இம்மண்ணின் பழங்குடிகள், சாதி பேதமற்ற திராவிடர், ஆதித் தமிழர், பூர்வ பௌத்தர் என்று தம் ஆராய்ச்சியால் நிலைநாட்ட முயன்றார். 1891-இல் திராவிட மகாஜன சபையின் சார்பில் நீலகிரியில் மாநாடு கூட்டி நம் மக்களின் கல்விக்கும் உரிமைக்கும் தீர்மானங்கள் நிறைவேற்றினார். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914-இல் மறையும்வரை அவ்விதழை நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தினுள் இறங்கி உழைத்த நம் தொழிலாளர்கள் அவ்விதழுக்குப் பெருந்துணையாக நின்றனர்.

பண்டிதர் பெயரை மாற்றினார், சமயத்தையும் மாற்றினார். ஆயின் எதனையும் மறைத்தாரா? இல்லை. வாரந்தோறும் அச்சிட்டு ஊரறியச் சொன்னார். தம் மக்களை விட்டு விலகித் தாம் மட்டும் உயர்வதற்காக அவர் புதுப் பெயரைத் தேடவில்லை. தம் மக்கள் அனைவரையும் உடன் அழைத்துக்கொண்டு புதுப் பெயருக்குள் நுழைய விரும்பினார். மாற்றத்திற்கும் மறைப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மாறுகிறவன் தன்னவரை உடன் அழைக்கிறான். மறைக்கிறவன் தன்னவரை வழியில் விட்டுவிட்டுப் போகிறான்.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், ஒரே காலம், ஒருவர் பழைய பெயரைக் கொடியாக உயர்த்தினார், மற்றவர் அதனை உதறினார். இருவரும் தமக்கு உண்மையாக இருந்தனர். ஆகவே ஒருவரைப் போற்ற மற்றவரைத் தூற்ற வேண்டியதில்லை.

அரசேட்டில் ஏறிய பெயர்

மூன்றாமவர் எம். சி. இராஜா அவர்கள். 1883-இல் சென்னை பரங்கிமலையில் பிறந்தவர். நம்மைப் போல ஆசிரியப் பணி புரிந்தவர் என்பதால் அவரிடத்து எமக்குத் தனி அன்பு உண்டு. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், 1922-இல் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசு ஏடுகளில் வழங்கிவந்த 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதிஆந்திரர்' என்றும் வழங்க வேண்டும் என்பது அது. அவ்வாண்டே அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று நம் சாதிச் சான்றிதழில் காணப்படுவதும், நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதிகளின் பெயரில் 2025 வரை இடம்பெற்றிருந்ததுமான 'ஆதிதிராவிடர்' என்னும் சொல் அரசேட்டில் இடம்பெற்ற வரலாறு இதுவாகும்.

ஒரு நூற்றாண்டு கழிந்து, 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மகிழ வேண்டிய செய்தி. எனினும் பலகையிலிருந்து ஒரு சொல் போவதும் பார்க்கிறவன் மனத்திலிருந்து அது போவதும் ஒன்றல்ல. தெருவின் பெயர் மாறலாம், மாறவும் வேண்டும். அத்தெருவில் பிறந்தவன் அத்தெருவைத் தனது என்று சொல்லத் துணிவதை எந்த அரசாணையும் அவனுக்காகச் செய்து தர முடியாது.

பரோடாவில் பதினொரு நாள்

இத்தனை பெரியவர்களின் துணிவைப் படித்துவிட்டு, "நான் அவ்வளவு துணிவுடையவன் அல்லேன்" என்று மனம் தளரும் இளைஞருக்காக அண்ணல் அம்பேத்கர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பின் இலண்டனிலும் பயின்று, 1917-இல் அண்ணல் நாடு திரும்பினார். தமக்குப் படிப்புதவி அளித்த பரோடா அரசில் பணியாற்ற அந்நகருக்குச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் இடம் தரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பார்சிகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அங்குப் பார்சிகளுக்கு மட்டுமே இடம். வேறு வழியின்றி, ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பகலெல்லாம் அலுவலகம்; இரவில் மங்கிய விளக்கொளியில், பேச்சுத் துணையற்ற அந்த மாடியில் தனிமை. பதினோராம் நாள் காலை, கையில் தடிகளுடன் பார்சிகள் சிலர் கூட்டமாக ஏறி வந்தனர். நீ யார் என்று கேட்டு மிரட்டினர்; அன்று மாலைக்குள் வெளியேறக் கட்டளையிட்டனர். நண்பர்களிடம் சென்று கேட்டார். அவர்கள் வீட்டிலும் இடம் இல்லை. இரவு வண்டிக்கு நேரம் வரும்வரை நகரத்துப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்தார். கண்ணீர் விட்டார். பின்னர் பம்பாய்க்குத் திரும்பினார். இவற்றையெல்லாம் அண்ணல் தாமே எழுதி வைத்துள்ளார்.

உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் கற்ற அறிஞரையே பொய்ப் பெயரில் தங்க வைத்தது நம் நாடு. அப்பதினொரு நாளும் அவர் மறைந்து வாழ்ந்தார். ஆகவே ஒரு நாள் மறைந்தவன் என்றைக்கும் தாழ்ந்தவன் என்று எவரும் சொல்ல முடியாது. அண்ணலின் பெருமை, அந்நிகழ்ச்சியையும் மறைக்காமல் எழுதிவைத்ததில் இருக்கிறது. மறைத்ததையும் பின்னர் மறைக்காமல் சொன்னார்.

அவர் வாழ்வின் பிற்பகுதியை நோக்குவோம். 1927-இல் மகாத்துக் குளத்தில் தம் மக்கள் ஆயிரக்கணக்கானோர் சூழ வெளிப்படையாக நீர் அருந்தினார். 1935-இல் இயோலாவில், "இந்துவாகப் பிறந்தேன், இந்துவாக இறக்கமாட்டேன்" என்னும் பொருள்பட அறிவித்தார். உடனே மதம் மாறிவிடவில்லை. இருபத்தோராண்டுகள் கற்றார், சிந்தித்தார், எழுதினார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். பிறந்த சமயத்தை விட்டார்; பிறந்த மக்களை விடவில்லை. பொய்ப் பெயரில் தனியாகத் தங்கிய அந்த இளைஞர், உண்மைப் பெயரோடு இலட்சம் பேருடன் நின்ற முதியவராக வளர்ந்த வரலாறு அது.

எம் வாழ்வில் ஒரு பிற்பகல்

பிறர் வரலாற்றைச் சொல்லிவிட்டுத் தன்னைப் பற்றி வாய் மூடிக்கொள்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே எம்மைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

1993-இல் வேறொரு மாவட்டத்தில் யாம் ஆசிரியப் பணியில் சேர்ந்தோம். அங்கு வாடகை வீடு தேடியபோது, வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். அருகிலிருந்த பெரிய ஊரின் பெயரைச் சொன்னோம். எந்தத் தெரு என்று கேட்டார். கடைத்தெருப் பக்கம் என்றோம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எம் சட்டையும் பேச்சும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஆறு திங்கள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் எம் தந்தையார் வந்தார். குத்தகை நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை ஒரு பையில் கட்டித் தோளில் சுமந்து வந்திருந்தார். இடுப்பில் வேட்டி, மேலே துண்டு, காலில் செருப்பில்லை. வீட்டுக்கார அம்மையார் வாசலுக்கு வந்து, "யார் இவர்?" என்று கேட்டார். "ஊரிலிருந்து வந்திருக்கிறார், தெரிந்தவர்" என்றோம்.

எம் தந்தையார் அதனைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே தண்ணீர் குடித்தார். மாலைப் பேருந்துக்கு உடன் சென்றோம். பேருந்து புறப்படும் நேரத்தில் சன்னல் வழியே குனிந்து, "அவங்க மறுபடி கேட்டா, கடலை குடுக்க வந்த ஆளுன்னே சொல்லிடுப்பா" என்றார்.

எம்மைக் காப்பதற்காக அவர் தம்மையே மறைத்துக்கொண்டார். யாம் சொன்ன பொய்யை அவர் திருத்தித் தந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பேருந்தின் புகை இன்னும் எம் கண்ணைக் கரிக்கிறது.

அவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் அவ்வீட்டை விட்டோம். அடுத்த வீடு தேடும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எம் ஊரையும் தெருவையும் சொன்னோம். இரண்டு வீடுகள் கிடைக்கவில்லை. ஒருவர் உறவினர் வருகிறார் என்றார். மற்றொருவர் காரணமே சொல்லவில்லை. மூன்றாவதாகத் தையற்கடை வைத்திருந்த ஒரு முதியவர், "வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அடுத்த அறுவடைக்கு எம் தந்தையார் அவ்வீட்டிற்கு வந்தார். திண்ணையில் அமரத் தயங்கி நின்றவரைக் கைப்பிடித்து அமர்த்தி, "இவர் என் தகப்பனார்" என்று அம்முதியவரிடம் சொன்னோம். இருவரும் மழையைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

பல ஆண்டுகளுக்குப் பின், நம் கழகப் படிப்பகத்தில் சீனிவாசனாரின் நூலை எடுத்துப் படித்தபோதுதான், மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவன் எம்மையொத்த இன்னொருவன் என்று தெரிந்தது. அந்நூல் இருபது வயதில் எம் கைக்குக் கிட்டியிருந்தால், எம் தந்தையார் வாசலில் நின்று தண்ணீர் குடித்திருக்கமாட்டார். நம் வரலாற்றை நாம் படிக்க வேண்டும் என்று இக்கழகம் ஓயாமல் வற்புறுத்துவதன் பொருளை அன்று முழுமையாக உணர்ந்தோம்.

இளைஞர்க்கு ஒரு சொல்

இளைஞர்களே! "என்ன சொல்வது?" என்று நீங்கள் கேட்ட வினாவுக்கு இப்போது எம்மால் இயன்ற விடையைக் கூறுகிறோம்.

வளருங்கள். எவ்வளவு உயரம் வளர முடியுமோ அவ்வளவு வளருங்கள். புதிய மொழி கற்பதும், புதிய தொழில் செய்வதும், புதிய ஊரில் வாழ்வதும், உண்ணும் உணவையும் உடுக்கும் உடையையும் மாற்றிக்கொள்வதும், ஆராய்ந்து தெளிந்து சமயத்தையே மாற்றிக்கொள்வதும் உங்கள் உரிமை. இவற்றைச் செய்பவனைப் பார்த்து "நீ மாறிவிட்டாய்" என்று நம் தெருவினரும் குறை கூறக் கூடாது. சேற்றில் நின்ற காலைக் கழுவுவது துரோகமாகாது.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் போகும் இடத்திற்கு என் தாயும் தந்தையும் வர முடியுமா? வந்தால் அவர்களை யார் என்று சொல்வேன்? இவ்வினாவுக்குத் தயங்காமல் விடை சொல்ல முடியுமானால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். தயக்கம் வந்தால், உங்கள் சம்பளம் வளர்ந்திருக்கிறது. நீங்கள் இன்னும் வளர வேண்டும்.

எங்கும் எப்போதும் மார்தட்டிச் சொல்லுங்கள் என்று யாம் கூறவில்லை. கேளாதவரிடம் சென்று சொல்ல வேண்டியதில்லை. வீடும் வேலையும் உயிரும் கருதி ஒருவர் ஒருநாள் வாய் மூடி இருக்க நேரலாம். அதன் பழி அவரைச் சாராது. கேள்வி கேட்டவரையும் அக்கேள்விக்கு இடம் தந்த சமுதாயத்தையுமே சாரும். தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-இலேயே கூறிவிட்டது. அது வாடகை வீட்டின் வாசல்வரை இன்னும் வந்து சேரவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியவர் நாம் அல்லர். ஒருநாள் வாய் மூடியது வாழ்நாள் பழக்கமாகிவிடக் கூடாது என்பதே எம் வேண்டுகோள். ஒரு பொய்யைக் காப்பதற்கு ஒன்பது பொய் வேண்டும் என்பர். அவ்வொன்பதில் ஒன்று என்றேனும் பெற்ற தந்தையின் முன்னிலையிலேயே சொல்லப்பட்டுவிடும். யாம் கண்டறிந்த உண்மை இது.

மேலும் ஒன்று. நம் தெருவின் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், பொதுக் கிணற்றில் முதலில் வாளி இறக்கியவர் யார், இரவுப் பாடசாலைக்கு முதல் பலகை வாங்கிக் கொடுத்தவர் யார் என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம் கழகத்தின் பொன்விழா மலர் அவ்வரலாற்றைத் தாங்கி வரட்டும். அதில் உங்கள் பெற்றோரின் பெயர்கள் முழுமையாக, பிழையின்றி, அச்சேறட்டும்.

சீனிவாசனார் தம் பெயரைப் பத்திரிகையின் தலைப்பில் ஏற்றினார். பண்டிதர் தாம் கண்ட பெயரை வாரந்தோறும் முழங்கினார். இராஜா அவர்கள் அதனை அரசேட்டில் ஏற்றினார். அண்ணல் அதனைச் சட்டத்தின் பாதுகாப்பில் வைத்தார். நாம் செய்ய வேண்டுவது எளியது. யார் என்று கேட்கும்போது, "இவர் என் தகப்பனார்" என்று சொல்வது.